வசந்தம், மரம், மனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரஞ்செடிகளைப் பார்த்து மனம் அமைதியாவது பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடுகின்றன. துளிர் விடும் பருவம் நெருங்கினால் இன்னும் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், வம்பானவை பின்னால்.

ஆன்மிகம் என்றால் வழிபாடு, ஜெபம், தியானம். மரத்தைப் பார்ப்பதில் என்ன ஆன்மிகம் இருக்கிறது?

நாள் முழுக்க நம் மனம் நம்மைப் பற்றியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. என் வேலை, என் கடன், என்னை அவர் இப்படிச் சொல்லிவிட்டாரே என்பது. அந்த ஓட்டம் சற்று நின்று, நம்மைக் கேட்காமலே நடக்கிற ஒன்றின் முன்னால் மனம் அடங்குகிறது பாருங்கள், அதைத்தான் இங்கே ஆன்மிகம் என்கிறேன். வழிபாடும் ஜெபமும் அந்த இடத்துக்குக் கூட்டிப்போகும். துளிர்க்கிற கிளையும் கூட்டிப்போகும். ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்பதில்லை.

வசந்தம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? ஆளுக்கொரு தேதி சொல்கிறார்களே?

எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், அளக்கும் கோல்தான் வேறு. வானியல் கணக்கில், சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வரும் மார்ச் 20 வாக்கில் வட பாதியில் வசந்தம் தொடங்குகிறது. தென் பாதியில் அது செப்டம்பர் 22 அல்லது 23. வானிலை ஆய்வாளர்கள் கணக்கு வைக்க வசதியாக மார்ச் 1 என்று வைத்துக்கொள்கிறார்கள். தமிழ் மரபில் ஆண்டுக்கு ஆறு பருவம். சித்திரையும் வைகாசியும் இளவேனில்.

மரத்துக்கு இந்தத் தேதி எதுவும் தெரியாது. பகலின் நீளம், குளிர், மண்ணின் ஈரம் இவற்றை வைத்து அது தன் நாளைத் தானே குறிக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரே வகை மரங்கள்கூட ஒரே நாளில் துளிர்க்காது. ஆகவே தேதியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உங்கள் கண்ணெதிரில் இருக்கும் மரம் எப்போது தொடங்குகிறதோ அப்போது வசந்தம்.

எங்கள் பக்கம் பனியும் கிடையாது, குளிரும் கிடையாது. வருடம் பூராவும் வெயில். எங்களுக்கு ஏது வசந்தம்?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. பனி உருகி, மஞ்சள் பூ எட்டிப்பார்ப்பதுதான் வசந்தம் என்று படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. வெப்ப நாடுகளின் வசந்தம் வேறு மாதிரி, என் கணக்கில் அதைவிட ஆச்சரியமானது. மழை நின்று மாதக்கணக்கான பிறகு, மண் வெடித்துக் கிடக்கும்போது, பல மரங்கள் இலையை எல்லாம் உதிர்த்துவிடுகின்றன. இலை வழியாக ஆவியாகிப் போன நீர் இப்போது மரத்துக்குள்ளேயே தங்குகிறது. ஆழத்திலிருந்து வேர் எடுக்கும் நீரும் சேர்ந்துகொள்ள, உலர்ந்திருந்த தண்டு ஈரமேறுகிறது. அப்புறம், முதல் மழைக்கு வாரக்கணக்கில் முன்பே, கொளுத்துகிற வெயிலில் புதுத்தளிர் விடுகிறது.

புங்க மரத்தைப் பாருங்கள். போன வாரம் பழுத்த இலையோடு நின்றது இந்த வாரம் எண்ணெய் தடவிய மாதிரி இளம்பச்சையாய் மின்னும். வேம்பு தளிர்விட்ட கையோடு பூவையும் விடும். முருக்கும் இலவும் இலையே இல்லாத கொம்பில் சிவப்பாகப் பூக்கும். குளிர் நாட்டு மரம் பனி விலகியதும் துளிர்க்கிறது. வெப்ப நாட்டு மரமோ கஷ்டம் உச்சத்தில் இருக்கும்போதே துளிர்க்கிறது. எது பெரிய விஷயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? எதைப் பார்ப்பது?

ஒரே ஒரு மரம். காடு வேண்டாம், மலை வேண்டாம், பூங்கா முழுக்கச் சுற்றவும் வேண்டாம். நீங்கள் எப்படியும் போய்வரும் வழியில், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிளையாவது இருக்கும் மரமாகத் தேர்ந்தெடுங்கள். அழகான மரமாக இருக்க வேண்டியதில்லை. எட்டும் கிளைதான் முக்கியம். அண்ணாந்து பார்த்தால் பச்சை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அரச மரம் கிடைத்தால் நல்ல தொடக்கம். கிளை நுனியில் ஊசி போல ஒரு கூர் மொட்டு இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இறுக்கமாக மூடியிருக்கும். உள்ளே அடுத்த இலை சுருண்டு கிடக்கிறது. இலை விரியத் தொடங்கியதும் உறை கழன்று விழுந்துவிடும். அது ஒட்டியிருந்த இடத்தில், கிளையைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய தழும்பு ஒன்று தங்கிவிடும். கிளை நெடுக விரலை ஓட்டிப் பாருங்கள், தழும்புக்கு மேல் தழும்பாக வரும். ஒவ்வொன்றும் ஒரு இலை பிறந்த இடம். புதிதாக வந்த இலை செம்பு நிறத்தில், துணி மாதிரி துவண்டு தொங்கும். பச்சையாகி விறைப்பதற்குச் சில நாள் பிடிக்கும்.

இவ்வளவுதான் பயிற்சி. அதே கிளை, அதே நுனி, மறுபடி மறுபடி. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியிருக்கிறது என்ற ஒரே கேள்வி போதும். புதுப்புது இடம் தேடிப் போகிறவர்களுக்கு அழகு கிடைக்கும், படம் கிடைக்கும். மாற்றம் கண்ணில் படுவது திரும்பி வருகிறவர்களுக்குத்தான். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான்.

தினமும் போக வேண்டுமா? எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

தினமும் போனால் நல்லது, நான்கைந்து நிமிடம் போதும். 2019ல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் கேட்டறிந்த ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களில், தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். அதை ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒன்று: நலமாக இருப்பவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள்? எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வு முடித்து வைக்கவில்லை. ஆகவே 120 என்பதை மாத்திரை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துச் சுவர்தான் தெரிகிறது. நான் என்ன செய்வது?

சுவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டிருந்தார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் மருத்துவமனை கட்டுகிறவர்களை இது யோசிக்க வைத்தது.

உங்களுக்கு இரண்டு வழி. முதலாவது, ஒரு தொட்டிச் செடி. மேலே சொன்ன பயிற்சி அதற்கும் அப்படியே பொருந்தும். இரண்டாவது, வானம். மொட்டை மாடியிலோ படிக்கட்டு ஜன்னலிலோ கிழக்கு தெரியும் இடம் ஒன்றைப் பிடியுங்கள். மார்ச் 20ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் உதிக்கும் இடம் தொடுவானத்தில் நகரும் வேகம் ஆண்டிலேயே அதிகம். தண்ணீர்த் தொட்டி, கம்பம் என்று ஏதாவது ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டால், ஒரே வாரத்தில் இடம் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியும். பூமி சாய்ந்து நின்று சுற்றுவதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதை நேரில் பார்ப்பது இப்படித்தான்.

போன் எடுத்துப் போகலாமா?

எடுத்துப் போங்கள், பையிலேயே இருக்கட்டும். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் மரத்தை விட்டுக் கிளம்பும்போது ஒன்று எடுங்கள். வந்ததும் எடுத்தால் அதோடு பார்த்துவிட்டதாக மனம் முடிவு கட்டிவிடுகிறது.

நீங்கள் சொன்ன மாதிரி செய்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. எனக்கு இது வராதோ?

என்ன தோன்ற வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? சிலிர்ப்பு, கண்ணீர், ஏதோ ஒரு வெளிச்சம்? அப்படிச் சிலருக்கு எப்போதாவது வரும். அதைக் குறியாக வைத்துக்கொண்டு போய் நின்றால், மரத்தைப் பார்க்காமல் நம்மையே பார்த்துக்கொண்டிருப்போம், இப்போது வருகிறதா, இப்போது வருகிறதா என்று. முதல் பதிலில் சொன்ன அந்தப் பழைய ஓட்டமேதான் இதுவும்.

கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். என்ன தோன்றியது என்பதை விடுங்கள். என்ன பார்த்தேன் என்று கேளுங்கள். இலைக் காம்பில் எறும்பு ஏறியதா? தளிரின் நிறம் நேற்றைவிட வெளிறியிருக்கிறதா? பதில் இருந்தால் பயிற்சி நடக்கிறது என்று பொருள். உணர்ச்சி அதன் வேளையில் வரும், வராமலும் போகும். வராவிட்டாலும் அந்த ஐந்து நிமிடம் கடனை நினைக்காமல் இருந்தீர்களா இல்லையா?

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இது எனக்குப் பொருந்துமா?

தாராளமாக. வியப்புக்கு நம்பிக்கை முன்நிபந்தனை இல்லை. மரத்தின் முன் நிற்கையில் நன்றி மாதிரி ஒன்று எழும், அதை யாருக்குச் சொல்வது என்றுதான் நம்பிக்கை இல்லாதவர்கள் திண்டாடுகிறார்கள். யாருக்கும் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு நம்பிக்கை உண்டு. படைத்தவனை விட்டுவிட்டுப் படைப்பை வணங்குவதாக ஆகிவிடாதா?

இந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் பெரிய சமயங்கள் எதுவும் இயற்கையைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. பார் என்றே சொல்கின்றன. மழை பெய்து, செத்த பூமி உயிர் பெறுவதை மறுமைக்கு அத்தாட்சியாகக் குர்ஆன் பல இடங்களில் காட்டுகிறது. வயல்வெளிப் பூக்கள் எப்படி வளர்கின்றன என்று கவனிக்கும்படி இயேசு தம் சீடர்களிடம் சொன்னார். புத்தர் ஞானம் பெற உட்கார்ந்த இடம் அரச மரத்தடி. ஏழாம் நூற்றாண்டில் அப்பர், இறைவனின் திருவடி நிழல் எப்படிப்பட்டது என்று சொல்ல வந்தபோது, குற்றமற்ற வீணையின் இசையையும் மாலை நிலவையும் வீசும் தென்றலையும் இளவேனிலையும் வண்டு முரலும் பொய்கையையும் வரிசையாக அடுக்கினார்.

இவர்கள் யாரும் பூவோடு நின்றுவிடவில்லை. பூவைப் பார்க்காமல் தாண்டிப் போகவுமில்லை. உங்கள் மார்க்கத்தில் எல்லைக்கோடு எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும். பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. இங்கே நான் சொல்வது பார்ப்பதை மட்டும்.

இத்தனை பண்டிகைகள் இந்தப் பருவத்திலேயே வருவது தற்செயலா?

தற்செயல் இல்லை, பாடுபட்டு அங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள். பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகை சூரியன் பூமத்திய ரேகையைக் கடக்கும் அந்தத் தருணத்தோடு பிறக்கிறது. ஈஸ்டர் என்பது மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. யூதர்களின் பஸ்கா வசந்தத்தை விட்டு நழுவிவிடாமல் இருக்க, அவர்களுடைய நாட்காட்டியில் 19 ஆண்டுகளுக்கு 7 முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது.

அதற்காக ஆன்மிகமே வசந்தத்துக்குச் சொந்தம் என்று பேசிவிட முடியாது. இஸ்லாமிய நாட்காட்டி முழுக்க நிலவைப் பின்பற்றுவது. ரமலான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஈஸ்டர் வருவதோ இலையுதிர் காலத்தில். அங்கே யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை.

அறிவியல் காரணம் தெரிந்துவிட்டால் வியப்பு போய்விடாதா? தெரியாமலே இருப்பது நல்லதல்லவா?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை: தெரிந்துகொள்ளுங்கள். முதல் மழையின் மண்வாசனையை எடுத்துக்கொள்வோம். இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964ல் அதற்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். வறண்ட காலத்தில் செடிகளிலிருந்து கசிந்து மண்ணிலும் கல்லிலும் படிந்த எண்ணெய் அதில் ஒரு பங்கு. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் இன்னொரு பங்கு. காற்றில் ஒரு லட்சம் கோடியில் சில பங்கு ஜியோஸ்மின் இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் வேலையை மூக்கு இத்தனை துல்லியமாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த வாசனை எனக்குக் குறையவில்லை, கூடித்தான் போனது.

மொட்டும் அப்படியே. குளிர் நாடுகளில் வசந்தத்தில் விரியும் மொட்டு வசந்தத்தில் உருவானதல்ல. முந்தைய கோடையிலேயே உருவாகி, செதிலுக்குள் மூடிக்கொண்டு, குளிர்காலம் முழுக்க அடங்கிக் கிடந்தது. இதில் இன்னொரு விஷயம் உண்டு. போதுமான குளிர் படாவிட்டால் அது ஒழுங்காக விழிக்காது. ஆப்பிள் மரங்களுக்குப் பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும், சில வகைகளுக்கு 1000 மணி நேரத்துக்கும் மேல். குளிரைத் தாங்கிக்கொண்டு பூக்கிறது என்று நினைத்திருப்போம். குளிரை எண்ணிக் கணக்கு முடித்துத்தான் பூக்கிறது. இதைத் தெரியாமலே இருப்பதில் என்ன லாபம்?

இயற்கை இயற்கை என்கிறீர்கள். அது கொடூரமானது இல்லையா? குயில் பாடுவதைக் கேட்டு உருகுகிறோம், அது காக்கையை ஏமாற்றிப் பிழைக்கிறதே?

ஆமாம். கிளையில் மறைந்துகொண்டு குரலை ஏற்றி ஏற்றிக் கூவுவது கறுத்த ஆண் குயில். அது கூவும் காலமும் காக்கை கூடு கட்டும் காலமும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு; புள்ளி போட்ட பெண் குயில் முட்டையிடப் போவது காக்கைக் கூட்டில். குயில் குஞ்சாவது பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. ஐரோப்பாவில் ஒரு குயிலினம் இருக்கிறது. அதன் குஞ்சு கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏந்தி வெளியே தள்ளிவிடும். அம்மைத் தடுப்பூசியைத் தந்த எட்வர்ட் ஜென்னர்தான் 1788ல் இதை விரிவாக எழுதினார். பலர் அன்றைக்கு நம்பவில்லை.

இயற்கை நமக்கு நீதி சொல்வதற்காக நடக்கவில்லை. மரம் தன்னலமற்றது, நதி தியாகி என்றெல்லாம் பேசுவது எனக்கு ஒட்டுவதில்லை. பாதியை மறைத்துவிட்டுத்தான் அப்படிப் பேச முடியும். குயிலைக் குற்றவாளி ஆக்குவதும் அதே தவறின் மறுபக்கம். நல்லது எது, கெட்டது எது என்று மனிதர்களிடமும் உங்கள் மரபிடமும் கற்றுக்கொள்ளுங்கள். மரத்திடமும் பறவையிடமும் போவது இந்த உலகம் நம் விருப்பு வெறுப்புக்காகச் செய்யப்பட்டதல்ல என்று உணர்வதற்கு. அந்த உணர்வு சில சமயம் ஆறுதலாக இருக்காது, உண்மைதான்.

எல்லோரும் வசந்தம் என்று பூரிக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் மனம் ரொம்பக் கனக்கிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

கோளாறு என்று ஏன் நினைக்கிறீர்கள்? துக்கத்தில் இருப்பவருக்கு வெளியே எல்லாம் பூப்பதைப் பார்ப்பது கூடுதல் பாரம். போன வருடம் இதே பூவைக் கூட நின்று பார்த்தவர் இன்றைக்கு இல்லை என்றால் அந்தப் பூ வலிக்கத்தான் செய்யும். பருவம் மாறும்போது மனநிலை சரிவதும் மருத்துவர்கள் அறிந்ததே, அது குளிர்காலத்துக்கு மட்டும் உரியதல்ல. மகிழ்ந்தே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பூவைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் வேரையோ பட்டையையோ பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கம், பசி, வேலையில் பிடிப்பு இவை இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே பாருங்கள். மரம் துணைக்கு இருக்கலாம், சிகிச்சைக்கு மாற்றாகாது.

பூத்தாலே எனக்குத் தும்மல்தான். ஊக்கம் எங்கிருந்து வரும்?

காற்றில் மகரந்தம் பரப்பும் மரங்களும் புற்களும்தான் பெரும்பாலும் காரணம். அவற்றின் பூ கண்ணில் படுவதே அரிது. கண்ணைக் கவரும் பூக்களில் பெரும்பாலானவை பூச்சிகளை நம்பியவை, அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. நல்ல மழை பெய்து முடிந்த பிறகு போனால் தொந்தரவு குறையும். மூச்சு இழுத்தால் இந்த விஷப்பரீட்சை வேண்டாம், ஜன்னலுக்கு உள்ளிருந்தே பாருங்கள்.

பருவமே தப்பிப்போச்சு. எல்லாம் முன்கூட்டியே பூக்கிறது. இந்த நிலையில் வசந்தத்தைக் கொண்டாடுவது போலித்தனம் இல்லையா?

ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூக்கும் நாளை ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். 2021ல் மார்ச் 26 அன்றே பூ உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதுவரையிலான 1200 ஆண்டுப் பதிவுகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. மேலே சொன்ன குளிர்க்கணக்கும் பல இடங்களில் தடுமாறுகிறது. பூ முந்தி, அதை நம்பிய பூச்சி பிந்தினால் இரண்டுக்கும் நஷ்டம். எனவே உங்கள் வருத்தம் நியாயமானது.

ஆனால் அந்தப் பதிவு நமக்கு எப்படிக் கிடைத்தது? பூவைப் பார்க்கப் போனவர்கள் நாட்குறிப்பில் தேதி எழுதியதால்தான். வருத்தத்தோடு பார்ப்பதும் பார்ப்பதுதான். ஒரு நோட்டு வாங்கி, உங்கள் மரம் முதல் தளிர் விட்ட நாளையும் முதல் பூ விரிந்த நாளையும் எழுதுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம், கவிதை முக்கியமாக வேண்டாம்.

நான் பார்த்துக்கொண்டிருந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். இனி என்ன?

இதைக் கேட்டவர் அழுதேவிட்டார், ஒரு மரத்துக்கா என்று வீட்டில் சிரித்தார்களாம். ஒரு மரத்துக்குத்தான். இத்தனை நாள் அதன் கிளை நுனியில் என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம்.

அடிக்கட்டையை விட்டு வைத்திருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். பல மரங்களில் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே உள்ள கிளைகள் போனதும் அவை விழித்துக்கொள்ளும். வேம்பும் புங்கமும் கட்டையிலிருந்து நன்றாகவே தழைக்கும். சில வாரம் பொறுத்துப் பாருங்கள், துளிர்த்தால் அதுவே உங்கள் கிளை, குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். வேரோடு தோண்டி எடுத்திருந்தால் வராது. அப்போது வேறொரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள், எட்டும் உயரத்தில் கிளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.